ஃபெல்கோ 2 கவாத்துக் கத்தரி: மூன்று கார்த்திகை வெட்டிய பிறகு

நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் பதினான்கு தூர் குண்டுமல்லி, பந்தலில் முல்லை, இரண்டு ஜாதிமல்லி, வாசலில் ஐந்து ரோஜா. பூ ஓய்ந்ததும் இவ்வளவையும் கவாத்து பண்ணுவது என் ஒருத்தி கைதான். மூன்று வருடமாக ஒரே கத்தரியில் வெட்டுகிறேன்.

அதற்கு முன்னால் வைத்திருந்த கட்டரின் பெயர் வேண்டாம். தட்டைப் பட்டை மேல் கத்தி வந்து இடிக்கிற வகை. காய்ந்த குச்சிக்கு அது போதும். பச்சை ரோஜாத் தண்டை நசுக்கிவிடும். அந்த வருடம் வெட்டிய பன்னீர் ரோஜா ஒன்று நுனியில் கறுக்க ஆரம்பித்து, கறுப்பு தண்டு தண்டாகக் கீழே இறங்கி, தை முடிவதற்குள் அடியோடு போய்விட்டது. நுனிக்கருகல். மழை ஈரத்தில் நசுங்கிய காயம் வழியாகப் பூஞ்சணம் ஏறிவிடுகிறது. அது என் மாமியார் நட்ட செடி. ஆறாவது ரோஜா நின்ற அந்த இடத்தில் இன்னும் எதையும் வைக்க மனசு வரவில்லை.

அந்த வருத்தத்தில்தான் ஃபெல்கோ வாங்கினேன். 1945இல் தொடங்கிய சுவிட்சர்லாந்து கம்பெனி. பத்து சாதாரண கட்டர் வாங்குகிற காசு ஆகும். மாமா கேட்டார்: “ஏத்தா, பூச்செடி வெட்டவா இம்புட்டு விலை?” அவர் வாழ்நாளெல்லாம் பன்னருவாளில் வெட்டியவர்.

இதில் வளைந்த கத்தி ஒன்று, அதைத் தாங்கிப் பிடிக்கிற கொக்கி ஒன்று. இரண்டும் உரசிக்கொண்டு ஒன்றையொன்று தாண்டிப் போகும், துணி வெட்டுகிற கத்தரி மாதிரி. கத்தி இருக்கிற பக்கம் செடியில் மிஞ்சப்போகிற தண்டின் பக்கமாக இருக்க வேண்டும்; கொக்கி அழுத்துகிற தடம் கீழே விழப்போகிற துண்டில் போய்விடும். திருப்பிப் பிடித்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. இது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி ஒரு வெட்டு. மாமா அந்த வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “பிசிறே இல்ல” என்றார். அப்புறம் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

25 மில்லிமீட்டர் கனம் வரை வெட்டும் என்கிறார்கள். பச்சைத் தண்டில் அது சரிதான், ஆனால் கிளையைக் கத்தியின் அடிவாய் வரை உள்ளே தள்ள வேண்டும். மல்லித் தூரில் முற்றிய பழங்கட்டைக்கு நான் சின்ன ரம்பம்தான் எடுக்கிறேன். மாட்டிக்கொண்ட கத்தரியைத் திருகி இழுக்கவே கூடாது.

எடை 240 கிராம். மல்லியைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். பதினான்கு தூரும் முடிய இரண்டு காலைகள் ஆகும். முன்பெல்லாம் முதல் நாளே மணிக்கட்டு வீங்கிவிடும். இதில் பிடி மூடுகிற இடத்தில் ரப்பர் இருப்பதால் அதிர்வு கைக்கு ஏறுவதில்லை. ஆனாலும் என் கை சின்னது. இப்போது வாங்கினால் சின்னக் கைக்கென்றே வருகிற ஃபெல்கோ 6 கத்தரியைத்தான் வாங்குவேன். இடக்கைக்காரர்களுக்கு ஃபெல்கோ 9 இருக்கிறது. கைப்பிடியின் சிவப்பும் உதவிதான். வெட்டிப்போட்ட தழைக் குவியலில் தேடி அலைய வேண்டாம்.

கத்தி, சுருள் கம்பி, திருகு எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். நான் இன்னும் எதையும் மாற்றவில்லை. சாணை பிடிக்கும்போது கத்தியின் சரிந்த முகத்தில்தான் தேய்க்க வேண்டும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும் முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. கருகல் கண்ட தண்டை, உள்சோறு வெள்ளையாகத் தெரிகிற இடம் வரை கீழிறங்கி வெட்டுவேன்.

வெட்டு நன்றாக இருந்தாலும் ரோஜாவின் வெட்டுவாயில், பூஞ்சணம் ஏறாமல் காக்கிற போர்டோ பசை தடவாமல் விடுவதில்லை. 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சேர்க்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு நிறம் படிகிறதா, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள்.

தொட்டியில் இரண்டு ரோஜா மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. இதே மாதிரி தாண்டி வெட்டுகிற வகையில் விலை குறைந்ததே போதும். கடையில் ஒரு தாளை வெட்டிப் பார்த்து, மடங்காமல் அறுந்தால் வாங்குங்கள். பத்துச் செடிக்கு மேல் என்றால் தயங்காமல் இதை வாங்கலாம்.

நவம்பர் கடைசி வாரம் மல்லி, டிசம்பர் கடைசியில் ஜாதிமல்லி, ஜனவரி கடைசியில் முல்லை என்று எங்களுக்கு வரிசை. மல்லி முடிந்தது, தூருக்குப் பத்துக் கிலோ தொழு உரமும் வைத்தாகிவிட்டது. கத்தரி இப்போது எண்ணெய் தடவி மாமாவின் பன்னருவாளுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.