தாரூதாந்த்: மண்மதிலுக்குள் ஒரு நல்ல சந்தை

மொரோக்கோவுக்குப் போகிற நம் ஆட்கள் அநேகமாக மராகேஷைப் பார்த்து, அகாடிர் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அகாடிர் வரைக்கும் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய், தாரூதாந்தில் ஓர் இரவாவது தங்க வேண்டும். நான் கிளிநொச்சியில் நல்லெண்ணெய் ஆட்டி விற்கிறவள். எள்ளு வாங்க மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று திரிந்து சந்தைகளோடேயே என் காலம் போயிருக்கிறது. ஒரு சந்தை யாருக்காக நடக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் தேவையில்லை. தாரூதாந்த் சந்தை அந்த ஊராருக்கும் சுற்றுக் கிராமத்தாருக்கும் நடக்கிற சந்தை. மண்வெட்டிப் பிடி, கழுதைக்குச் சேணம், விதை, செருப்பு, சமையல் சட்டி எல்லாம் அங்கே விற்கிறார்கள். அதனால்தான் அந்த ஊர் எனக்குப் பிடித்தது.

முதலில் போகும் வழியைச் சொல்கிறேன். பாரிஸில் இருக்கும் தங்கச்சி குடும்பத்தோடு போனேன். அவர்களுக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு என்பதால் 90 நாள் வரை விசா தேவையில்லை. நம் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மொரோக்கோ விசா வேண்டும். அதை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கவென்று ஊரிலிருந்து பிரான்ஸுக்குப் போகும் அம்மா அப்பாமாரின் ஷெங்கன் விசா ஒரு தடவை மட்டும் நுழைகிற விசாவாக இருந்தால், மொரோக்கோ போன பிறகு திரும்பவும் பாரிஸுக்குள் நுழைய முடியாது. பல தடவை நுழையும் விசாவா என்று கடவுச்சீட்டைத் திறந்து பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அகாடிரிலிருந்து தாரூதாந்த் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர். விமான நிலையமும் அந்தப் பக்கமாகவே நகரத்துக்கு வெளியே இருக்கிறது. எனவே அகாடிருக்குள் போய்த் திரும்பி வரத் தேவையில்லை, அங்கிருந்தே வாகனம் பிடிக்கலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அகாடிருக்குப் பக்கத்து ஊரான இனெஸ்கானுக்குப் போய் அங்கே 'கிராண்ட் டாக்ஸி' பிடியுங்கள். அதில் ஆறு பேரை ஏற்றுவார்கள், ஆள் நிறைந்ததும் புறப்படும், ஒவ்வொரு இருக்கைக்கும் தனிக் காசு. முழங்கால் நோவு உள்ளவர்கள் கூட வந்தால் ஆறு இருக்கைக்கும் சேர்த்துக் காசு கொடுத்து முழு வாகனத்தையும் எடுங்கள். பக்கத்தில் நிற்கிற உள்ளூர்ப் பயணியிடம் ஒரு இருக்கை எவ்வளவு என்று கேட்டு ஆறால் பெருக்கினால் அதுதான் நியாயமான விலை.

ஊரைச் சுற்றி 7 கிலோமீட்டருக்கு மேல் மண்மதில். மண்ணை இடித்து இறுக்கிக் கட்டியது, வெயில் சாயும்போது செம்மஞ்சளாகத் தெரியும். 16ஆம் நூற்றாண்டில் மொரோக்கோவை ஆண்ட ஸஅதி வம்சத்து அரசர்கள் மராகேஷுக்குப் போவதற்கு முன் இங்கேதான் இருந்து ஆண்டார்கள். மதிலின் பெரும் பகுதி அவர்கள் காலத்து வேலை, பிறகு பழுதுபார்த்துப் பழுதுபார்த்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சண்டைக்கென்று மண்ணைக் குவித்து எழுப்பிய அணைகளைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். அப்படிக் காவலுக்கென்று எழுப்பிய ஒரு மண்மதிலின் நிழலில் இன்றைக்குப் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. மதிலைச் சுற்றிக் குதிரை வண்டி போகிறது. பின்னேரம் வெயில் தணிந்த பிறகு ஏறுங்கள். விலையை ஏறுமுன் பேசி முடியுங்கள், குதிரை மெலிந்திருந்தால் வேறு வண்டி பாருங்கள்.

மதிலுக்குள் இரண்டு சதுக்கங்கள்: அஸ்ஸராக், தல்மக்லாத். இவற்றை மனதில் வைத்தால் வழி தவறாது, ஏனென்றால் எந்தச் சந்தில் போனாலும் கடைசியில் ஏதாவது ஒன்றில் வந்து சேருவீர்கள். சந்தையும் இரண்டு. ஒன்றை அரபுச் சந்தை என்கிறார்கள். தோல் வேலை, வெள்ளி நகை, செதுக்கிய கல், விரிப்பு எல்லாம் அங்கே. மற்றது பெர்பர் சந்தை, பெர்பர் என்றால் அந்த நாட்டின் பூர்வீகச் சனம். மரக்கறி, பழம், மசாலா, துணி, வீட்டுச் சாமான். வெளியூரார் அரபுச் சந்தைக்குத்தான் போகிறார்கள். நான் சொல்வது, பாதி நேரத்தையாவது பெர்பர் சந்தையில் செலவழியுங்கள். மரக்கறிக்கும் பழத்துக்கும் கிலோ விலைதான், பேரம் தேவையில்லை. தாரூதாந்த் இருக்கிற சூஸ் பள்ளத்தாக்கு தோடம்பழத்துக்குப் பேர்போனது. குளிர்காலத்தில் போனால் ஒரு கிலோவை வாங்கி அஸ்ஸராக்கில் இருந்து உரித்துத் தின்னுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு வெளியே பெரிய சந்தை கூடும், விடியவே போய்விட வேண்டும். மலைக் கிராமங்களிலிருந்து சனம் வந்து இறங்கும். 2023 செப்டெம்பர் 8இல் வந்த 6.8 அளவு பூமியதிர்ச்சி இந்த மாகாணத்தின் மலைக் கிராமங்களைக் கடுமையாகத் தாக்கியது. வீடு இல்லாமல் போன பிறகும் ஆட்டையும் தானியத்தையும் கொண்டு சந்தைக்கு வர வேண்டியிருப்பது எப்படி என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும். அப்படி ஒரு கிழவி விரிப்புப் போட்டு விற்கிற புதினாவுக்கும் அவித்த முட்டைக்கும் பேரம் பேசாதீர்கள்.

இனி எண்ணெய். அந்தப் பகுதி முழுக்க ஆர்கன் மரம். முள்ளும் முறுக்குமாக, வறண்ட மண்ணில் நிற்கிறது. அது நம் வன்னிக் காட்டுப் பாலைக்கும் இலுப்பைக்கும் ஒரே தாவரக் குடும்பம். தெரிந்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம். பழத்தைக் காயவைத்து, தோலை நீக்கி, உள்ளே இருக்கும் கல்லுப்போன்ற கொட்டையைப் பெண்கள் இரண்டு கல்லுக்கிடையில் வைத்து உடைக்கிறார்கள். அதற்குள் இருக்கிற சிறிய பருப்பில்தான் எண்ணெய். ஒரு லீற்றருக்கு 30 கிலோவுக்கு மேல் பழம் போகிறது. எனவே மலிவாக ஒருவர் தந்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

சமையலுக்கானது வறுத்த பருப்பில் எடுப்பது, நிறம் கூடியது, கச்சான் வறுத்த வாசம் வரும். தோலுக்கும் முடிக்கும் பூசுவது வறுக்காத பருப்பில் எடுப்பது, வெளிறிய மஞ்சள், வாசம் மிகக் குறைவு. றோசாப்பூ மணக்கிற போத்தலை எடுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். றோட்டோரம் ஒரு கடையில் வாசலில் பெண்கள் கொட்டை உடைக்க, உள்ளே பளபளவென்று போத்தல்கள் அடுக்கியிருந்தன. நான் பிண்ணாக்கைக் காட்டுங்கள் என்று தங்கச்சியைக் கொண்டு கேட்கச் சொன்னேன். காட்ட அவர்களிடம் எதுவும் இல்லை. எண்ணெய் எடுக்கிற இடத்தில் பிண்ணாக்கு இல்லாமல் இருக்க முடியாது. ஆர்கன் பிண்ணாக்கை அங்கே மாட்டுக்குப் போடுகிறார்கள், நாம் எள்ளுப் பிண்ணாக்கைப் போடுவது போலத்தான். மதிலுக்குள் ஒரு சின்னக் கடையில் கேட்டதும் சாக்கைத் திறந்து கறுத்த கட்டிகளைக் கையில் தந்தார்கள். அங்கேதான் வாங்கினேன்.

கையால் அரைத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து எடுத்ததா, மெஷினில் பிழிந்ததா என்று கேளுங்கள். கையால் எடுத்தது ருசிதான், ஆனால் தண்ணீர் சேர்வதால் சீக்கிரம் கெடும். ஊருக்குக் கொண்டுவர மெஷினில் பிழிந்ததே நல்லது. கடும் நிறப் போத்தலில் வாங்குங்கள். அப்புறம் அம்லூ: வறுத்த பாதாம், ஆர்கன் எண்ணெய், தேன் மூன்றையும் சேர்த்து அரைத்தது. காலையில் பாணோடு அதைத் தந்தால் வேறு ஒன்றும் தேவைப்படாது. வழியில் ஆர்கன் மரத்தில் ஆடுகள் ஏறி நிற்பதைக் காட்டிக் காசு கேட்பார்கள். ஆடு தானாக ஏறுவது உண்மைதான், றோட்டோரத்தில் பல இடங்களில் படத்துக்காகவே ஏற்றி நிறுத்துகிறார்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

குங்குமப்பூ தலியூயின் என்ற ஊர்ப் பக்கமிருந்து வருகிறது, நல்ல சரக்கு. நாராக இருப்பதை மட்டும் வாங்குங்கள், தூளை வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி, வெள்ளிக்கிழமை மரக்கறி பிடிக்கிறவர்கள் கவனியுங்கள். மொரோக்கோவில் வெள்ளி மத்தியானம் கூஸ்கூஸ் நாள், அது ஆவியில் அவித்த கோதுமை ரவைச் சாப்பாடு. மேலே கரட், பூசணி, கோவா என்று அழகாக அடுக்கி வரும், ஆனால் அவித்த சாறு இறைச்சிச் சாறு. முதல் நாளே தங்குமிடத்தில் சொல்லி வையுங்கள், தனியாகச் செய்து தருவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மண்சட்டியில் மெல்ல வேகவைக்கிற தஜீன் வாங்கும்போது கோழியா ஆடா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். தேசிக்காய் ஊறுகாயும் ஒலிவ் காயும் போட்ட கோழித் தஜீன் எனக்கு மிகவும் பிடித்தது. உறைப்பு இல்லை என்று மனம் தளர வேண்டாம், அந்தப் புளிப்பும் உப்பும் போதும். புதினாத் தேத்தண்ணியில் சீனி அள்ளிப் போடுவார்கள், சலரோகம் உள்ளவர்கள் ஊற்றும் முன்னமே சொல்லுங்கள். வெள்ளி மத்தியானத் தொழுகை நேரம் பல கடைகள் பூட்டியிருக்கும்.

தங்கினது மதிலுக்குள் ஒரு குடும்பம் நடத்தும் வீட்டில். நடுவில் முற்றம், அதில் ஒரு தோடை மரம், அறைக் கதவெல்லாம் முற்றத்தைப் பார்த்தபடி. சுத்தம், அன்பு இரண்டிலும் குறை இல்லை. குறை என்றால் படிகள் செங்குத்து, மார்கழி தை இரவுகளில் அறை நன்றாகக் குளிரும், ஒரு போர்வை காணாது, இரண்டாவது ஒன்றை மாலையிலேயே கேட்டு வாங்கி வைக்க வேண்டும். சந்துகளில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சதுக்கத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் வருவார். கோடையில் போகாதீர்கள், அந்த வெயிலை நம் சித்திரை வெயிலோடு பழகியவர்களும் தாங்குவது கஷ்டம். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். நோன்பு மாதமாக இருந்தால் பகலில் பல சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்காது, நாட்டின் மணிக்கூட்டையும் அந்த மாதம் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றுகிறார்கள். விமான நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உடுப்புக்குச் சுடிதார் போதும், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போவதில்லை. ஆட்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். 'ஸலாமு அலைக்கும்' என்று தொடங்கினால் முகம் மலர்ந்துவிடும், பிரெஞ்சு தெரிந்த ஒருவர் கூட வந்தால் மிச்சம் எல்லாம் இலகு.

சந்தையில் கையில் காசுதான் செல்லும், அட்டை செல்லாது. ஒரு யூரோவுக்கு அந்த நாட்டுக் காசான திர்ஹாம் பத்துக்குச் சற்றுக் கூடக் கிடைக்கும், சில்லறையாக மாற்றி வையுங்கள். மிஞ்சின திர்ஹாமை அந்த நாட்டிலேயே மாற்றிவிட வேண்டும், வெளியே கொண்டுவந்தால் மாற்றுவது பெரும்பாடு. மாற்றின ரசீதையும் எறியாதீர்கள். எண்ணெய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்தால் பறிமுதல், பெரிய பெட்டியில் போட வேண்டும். மூடியை டேப்பால் இறுக்கிச் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, உடுப்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் திறந்த போத்தலை வெயில் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள்.