அபவுட் டைமா, எடர்னல் சன்ஷைனா: ஜோடியாகப் பார்க்க எது?

அறிவியலோ மாயமோ கலந்த காதல் படம் ஒன்றை ஜோடியாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று யாரிடம் யோசனை கேட்டாலும் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். 2013இல் ரிச்சர்ட் கர்ட்டிஸ் எடுத்த 'அபவுட் டைம்'. 2004இல் மிஷெல் கோன்ட்ரி இயக்கிய 'எடர்னல் சன்ஷைன் ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்'. எங்கள் வீட்டில் இரண்டும் ஓடி முடிந்தன. என் கணவர் முதல் படத்தின் கட்சி, நான் இரண்டாவதன் கட்சி. காரணத்தைச் சொல்ல முடிவுகளையும் போட்டு உடைத்தாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நடிப்பு, இசையெல்லாம் இரண்டிலும் குறையில்லை. வாரக் கடைசியில் களைத்து வந்து சாய்ந்தபடி பார்க்க அபவுட் டைம்தான் சௌகரியம். எடர்னல் சன்ஷைன் முன்னும் பின்னுமாகத் தாவும். டைட்டிலே கால் மணி நேரம் தாண்டித்தான் வருகிறது. நாயகி கிளமென்டைனின் தலைமுடி நிறம் மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் கதை எந்தக் காலத்தில் நிற்கிறது என்று புரிந்துவிடும். பக்கத்தில் செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும் ஆளோடு பார்க்கிற படம் இல்லை.

எனக்கு இதிலெல்லாம் பெரிய அக்கறை கிடையாது. காதலிக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஏதோவொன்றின் மேல் அந்தக் காதல் நிற்கிறதா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான்.

அபவுட் டைமில் டிம்முக்கு 21 வயதாகும்போது அப்பா ஒரு விஷயம் சொல்கிறார்: நம் குடும்பத்து ஆண்களால் கடந்துபோன நாட்களுக்குத் திரும்பிப் போக முடியும். இருட்டில் நின்று கையை இறுக மூடிக்கொண்டால் போதும். டிம் மேரியைச் சந்திக்கிறான். வேறொருவருக்கு உதவி செய்வதற்காகக் காலத்தில் பின்னால் போனதில் அந்தச் சந்திப்பே நடக்காததாகிவிடுகிறது. அவளுக்கு மாடல் அழகி கேட் மாஸைப் பிடிக்கும் என்பது அவன் நினைவில் இருக்கிறது. கேட் மாஸின் புகைப்படக் கண்காட்சிக்குப் போய்க் காத்திருந்து அவளைப் பிடிக்கிறான். அதற்குள் அவளுக்கு ஒரு காதலன் வந்துவிட்டதாகத் தெரிகிறது. உடனே இன்னும் பின்னால் போய், அந்த இருவரும் சந்தித்த பார்ட்டிக்கு முந்திக்கொண்டு ஆஜராகிறான். இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து கழித்த இரவு சரியாக அமையவில்லையா, அதையும் திருப்பி நடத்துகிறான். மேரிக்கு எல்லாமே முதல் தடவை. அவனோ ஒத்திகை முடித்துவிட்டு வந்து நிற்கிறான்.

சிரிப்பாகத்தான் எடுத்திருக்கிறார்கள், நானும் சிரித்தேன். கல்யாணம் ஆகி, மூன்று பிள்ளைகளும் பிறந்த பிறகும் மேரியிடம் அவன் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. "கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியவே தெரியாதாங்க?" என்று கேட்டேன். "தெரிஞ்சா மட்டும் என்ன ஆகப்போகுது, அவன் நல்லவன்தானே" என்றார் இவர்.

எடர்னல் சன்ஷைனில் இதே வேலையைச் செய்கிறவன் ஒருவன் இருக்கிறான். காதல் கசந்து, ஜோயலைத் தன் நினைவிலிருந்தே அழித்துக்கொள்கிறாள் கிளமென்டைன். அது தெரிந்து ஜோயலும் அவளை மறக்க, நினைவை அழித்துத் தரும் அதே லகூனா நிறுவனத்துக்குப் போகிறான். அங்கே வேலை பார்க்கும் பேட்ரிக், ஜோயல் ஒப்படைத்த பொருட்களைத் திருடி, ஜோயல் சொன்ன வார்த்தைகளையே சொல்லிக் கிளமென்டைனை வளைக்கப் பார்க்கிறான். அவளுக்கு ஏன் என்று தெரியாமலேயே உடம்பு பதறுகிறது. ஒரு படத்தில் நாயகனின் சாமர்த்தியமாக வருவது இன்னொன்றில் அயோக்கியத்தனமாக வருகிறது. டிம்மையும் பேட்ரிக்கையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்று இவர் வாதாடினார். கொஞ்சம் அநியாயம்தான். டிம்முக்கு அவள் மேல் உண்மையான பிரியம் இருக்கிறது, பிற்பாடு அவன் திரும்பிப் போவதையே விட்டுவிடுகிறான். ஆனாலும் அவளுக்குத் தெரியாததைக் கையில் வைத்துக்கொண்டு அவளை நெருங்குவதில் இருவரும் ஒன்றுதான்.

எடர்னல் சன்ஷைனின் முடிவில் லகூனாவில் வேலை செய்யும் பெண் நினைவை அழிப்பதற்கு முன் எல்லோரும் பேசிப் பதிவுசெய்த ஒலிநாடாக்களை அவரவருக்கே அனுப்பிவிடுகிறாள். ஜோயலும் கிளமென்டைனும் புதிதாகச் சந்தித்துப் பழக ஆரம்பித்த நேரம். ஒருவரைப் பற்றி மற்றவர் கக்கிய அத்தனை கசப்பையும் இருவரும் சேர்ந்து கேட்கிறார்கள். இது இப்படித்தான் முடியும் என்று இருவருக்கும் ஒரே அளவில் தெரிகிறது. தெரிந்தும் சரி என்கிறார்கள். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை அந்த இடத்தில் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. 'என்னை அழித்துக்கொள்வீர்களா' என்ற கேள்வி எப்படியும் வந்துசேரும். சண்டை போட்ட வாரத்தில் மட்டும் இந்தப் படத்தைப் போடாதீர்கள்.

இதே அளவுகோலை 2016இல் வந்த 'பாசெஞ்சர்ஸ்' மேல் வைத்துப் பார்த்தால் சட்டென்று விழுந்துவிடுகிறது. 120 ஆண்டு விண்வெளிப் பயணத்தில் 90 ஆண்டுகள் முன்னதாக உறைதூக்கம் கலைந்துவிட்ட ஜிம், தனிமை தாங்காமல் அரோராவை வேண்டுமென்றே எழுப்பிவிட்டு, எல்லாம் விபத்து என்று நம்ப வைக்கிறான். மதுக்கூட ரோபோ வாய்தவறி உளறும்வரை அவளுக்குத் தெரியாது. அவள் பொங்கி எழும் காட்சிகள் நன்றாக இருக்கின்றன. அதற்குப் பிறகு கப்பலைக் காப்பாற்றும் அவசரத்தில் படம் அவளைச் சமாதானப்படுத்திவிடுகிறது. இவருக்கே அது பிடிக்கவில்லை.

மகோடோ ஷின்காயின் ஜப்பானிய அனிமேஷன் படமான 'யுவர் நேம்' தேறிவிடும். உடல் மாறும் இருவரும் செல்போனில் குறிப்பு எழுதி வைத்து ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்கிறார்கள், மறப்பதும் இருவருமே. நான் அனிமே அதிகம் பார்த்தவள் இல்லை, அதனால் அந்த வகையில் இதற்கு என்ன இடம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், 'நான் ஈ' கூடத் தேறுகிறது. ஈயாகப் பிறந்தவன் தான் யார் என்பதை முதலில் காதலி பிந்துவுக்குத்தான் தெரியப்படுத்துகிறான். அப்புறம் திட்டம் போடுவதெல்லாம் இருவரும் சேர்ந்து. ஈக்குக் கவசம் செய்து கொடுப்பதும் அவள்தான். குழந்தைகள் தூங்காத வீடுகளுக்கு இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

அபவுட் டைமை ஒதுக்கச் சொல்லவில்லை. அதன் உயிர் காதலில் இல்லை, பில் நை நடித்திருக்கும் அந்த அப்பாவிடம் இருக்கிறது. குழந்தை கருவாவதற்கு முந்தைய நாளுக்குத் திரும்பிப் போனால் வேறு குழந்தை பிறந்துவிடும் என்பது விதி. மூன்றாவது குழந்தை வேண்டுமென்றால், இறந்துபோன அப்பாவை இனிமேல் போய்ப் பார்க்க முடியாது. இந்த ரகசியம் அப்பா, மகன் இருவருக்குமே தெரியும், அதனால்தான் அவர்கள் விடைபெறும் இடம் அப்படி இறங்குகிறது. உங்கள் அப்பாவுக்குச் சப்டைட்டில் ஒத்துவருமென்றால் அவரோடு பாருங்கள். முதல் பாதியில் மட்டும் ரிமோட் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.