கிரிட் கோடு கண்ணில் பட வேண்டும்: லைவ், கியூபேஸ், ரீப்பர் ஒப்பீடு

இசையைப் பதிந்து எடிட் செய்யும் மென்பொருளில், இருண்ட தீமில் மணிக்கணக்காக வேலை செய்பவருக்கு, தாளத்தின் இடங்களைக் காட்டும் கிரிட் கோடு மங்கித் தெரிவது சின்னக் குறை இல்லை. கிக் (டிரம்மின் கனத்த அடி) கொஞ்சம் தள்ளி விழுந்ததைக் கண் பிடிக்காது. காது பிடிப்பதற்குள் அந்தப் பிசகு அடுத்தடுத்த பார்களுக்கும் (தாளச் சுற்றுகளுக்கும்) காப்பி ஆகியிருக்கும்.

கோட்டைப் பளிச்சென்று ஆக்கினால் தீர்ந்துவிடுமா? 4/4 தாளத்தில் எட்டு பார் திரையில் இருக்கிறது, கிரிட் 1/16, அதாவது பாருக்கு 16 கோடு என்றால் மொத்தம் 128 கோடுகள். 1920 பிக்சல் அகலத்தில் 15 பிக்சலுக்கு ஒன்று. அத்தனையும் ஒரே அளவில் பளிச்சிட்டால் பார் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதனால் நான் முதலில் பார்ப்பது, பார், அதற்குள் வரும் பீட் (தாள எண்ணிக்கை), பீட்டின் உட்பிரிவு மூன்றின் கோடுகளையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்பதைத்தான்.

ஏபிள்டன் லைவில் கிரிட் கோட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க செட்டிங்ஸில் ஒரு ஸ்லைடர் உண்டு. வேலை சுலபம், ஆனால் பார் கோட்டை மட்டும் தனியே தூக்கிக் காட்ட அது உதவாது. லைவின் உண்மையான பலம் அடாப்டிவ் கிரிட். ஜூம் செய்யச் செய்ய கோடுகளின் நெருக்கம் தானாக மாறும். கன்ட்ரோல் 1 அழுத்தினால் கிரிட் நெருங்கும், கன்ட்ரோல் 2 அழுத்தினால் விலகும், மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். வேலையின் நடுவே கை போகிற இடத்திலேயே இருப்பதால் இதைத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள்.

கியூபேஸில் பிரிஃபரன்சஸ், ஈவென்ட் டிஸ்ப்ளே பக்கத்தில் கிரிட் ஓவர்லே இன்டென்சிட்டி இருக்கிறது. வேவ்ஃபார்ம் (ஒலியலைப் படம்) மேல் கோடு காணாமல் போகிறதே என்பவர்கள் முதலில் தொட வேண்டியது இதை.

ரீப்பர்தான் கேட்டதைக் கொடுக்கிறது. பார் தொடக்கம், பீட் தொடக்கம், பீட்டுக்கு இடைப்பட்டவை என மூன்று வகைக் கோட்டுக்கும் தனித்தனி நிறம், தனித்தனி அடர்த்தி. ஸ்னாப்/கிரிட் செட்டிங்ஸில் (விண்டோஸில் ஆல்ட் எல்) கோடு ஐட்டத்துக்கு (டிராக்கில் வைத்த ஒலித்துண்டு) மேலா, கீழா, ஊடாகவா என்றும் சொல்லலாம். கோடுகளுக்கு இடையே குறைந்தது எத்தனை பிக்சல் வேண்டும் என்றும் சொல்லலாம். சிரமமும் உண்டு. நிறங்களைத் தேட ஆக்ஷன் லிஸ்டில் தீம் டெவலப்மென்ட் என்று தட்டி, நீண்ட பட்டியலில் துழாவ வேண்டும். மிடி (ஒலியாக இல்லாமல் சுரக் குறிப்புகளாக எழுதுவது) எடிட்டருக்கு வேறு நிறங்கள். மாற்றியதை வேறு பெயரில் தீமாகச் சேமிக்காவிட்டால் தீம் மாற்றும்போது போய்விடும். அப்படியும் அந்த அரை மணி நேரம் வீணில்லை. பார் கோடு தெளிவாக, பீட் அதில் பாதி, உட்பிரிவு உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவு. இப்படி வைத்துப் பாருங்கள், கண் உடனே லேசாகும்.

இதற்காக மென்பொருளை மாற்றச் சொல்லமாட்டேன். மிடி அதிகம் எழுதுபவருக்கு லைவின் ஷார்ட்கட்டே போதும். நீண்ட ரெக்கார்டிங்கை வெட்டி ஒட்டுபவர் என்றால் என் ஓட்டு ரீப்பருக்கு. எதில் இருந்தாலும் சரி, நிறத்தைத் தொடுவதற்கு முன் கிரிட்டை 1/16-லிருந்து 1/8-க்குக் கொண்டுவந்து பாருங்கள். பாதிக் கோடு குறைந்ததுமே பார் எல்லை தெரிந்துவிட்டால், மேலே எதுவும் செய்யத் தேவையில்லை.