மொன்டல்ச்சீனோவா, மொன்டெபுல்ச்சானோவா: டஸ்கனியில் எங்கே தங்குவது?

இத்தாலியப் பயணத்தில் சியேனாவுக்குத் தெற்கே மூன்று நாள் ஒதுக்கியிருப்பவர்கள், மொன்டல்ச்சீனோவில் அறை எடுப்பதா மொன்டெபுல்ச்சானோவில் எடுப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். இரண்டும் 600 மீட்டரை ஒட்டிய உயரத்தில், மதில் சூழ அமைந்த மலையூர்கள். இரண்டின் ஒயினுக்கும் நாட்டின் மிக உயர்ந்த தரச்சான்று 1980இலேயே கிடைத்துவிட்டது. காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம் என்பதால், எங்கே தங்கினால் என்ன என்று தோன்றும். என் கணக்கில் அது சரியில்லை.

வேறுபாடு ஒயினிலேயே தொடங்குகிறது. மொன்டல்ச்சீனோவின் புருனெல்லோ ஒயினில் சாஞ்சொவேசே திராட்சையைத் தவிர வேறெதையும் கலக்கக் கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் அது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். 2019இல் பறித்த பழத்தின் ஒயின் 2024 ஜனவரியில்தான் விற்பனைக்கு வந்தது என்றால், அந்தக் காத்திருப்புக்கான வட்டியும் விலையில் சேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கையைக் கடிக்காமல் அதே ஊரின் ருசியை அறிய விரும்புவோர் ரோஸ்ஸோவைக் கேட்கலாம். அதே திராட்சைதான், விரைவில் புட்டியில் அடைக்கப்படுவது. மொன்டெபுல்ச்சானோவின் வினோ நோபிலேயில் சாஞ்சொவேசே 70 விழுக்காடு இருந்தால் போதும், மொத்தமாகவே இரண்டு ஆண்டு முதிர்ச்சியும் போதும். பொதுவாக விலையும் குறைவு. (மொன்டெபுல்ச்சானோ என்ற பெயரில் ஒரு திராட்சை வகையும் உண்டு. அது அப்ரூட்சோ பகுதியில் பெரிதும் விளைவது. இந்த ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடையில் பலரும் ஏமாறுவது இங்கேதான்.)

ஆனால் தங்குமிடத்தைத் தீர்மானிப்பது ருசியைவிட, ஒயினை முதிரவைக்கும் நிலவறைகள் இருக்கும் இடம்தான். மொன்டல்ச்சீனோவின் பண்ணைகள் ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு, காரில்தான் போக வேண்டும். இத்தாலியில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகாதவர் ஒரு துளியும் தொடக் கூடாது. ஆகவே இருவராகப் போனால் ஒருவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மொன்டெபுல்ச்சானோவில் நிலவறைகள் மாளிகைகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஊரின் உச்சியிலுள்ள பியாட்சா கிராண்டே சதுக்கத்தில் கொன்டூச்சி குடும்பத்தின் மாளிகை நிற்கிறது. படியிறங்கினால் வெயில் மறைந்து, ஈரச் சுவரின் குளிர்ச்சியும் புளித்த மரத்தின் வாடையும் முகத்தில் வந்து மோதும், ஆளுயரத்தையும் மிஞ்சும் பீப்பாய்கள் இருட்டில் வரிசையாக நிற்கும். அங்கிருந்து அறைக்கு நடந்தே திரும்பிவிடலாம்.

ஊரின் அழகிலும் எனக்கு மொன்டெபுல்ச்சானோவே ஒரு படி மேல். சியேனாவுக்கும் புளோரன்ஸுக்கும் இடையிலான பகையில் அது புளோரன்ஸின் பக்கம் நின்ற ஊர் என்பதை, நகர்மன்றத்துக்குக் கட்டடக் கலைஞர் மிக்கலோட்சோ வடிவமைத்த, புளோரன்ஸின் பழைய அரண்மனையை நினைவூட்டும் முகப்பே காட்டிக்கொடுக்கும். அதே சதுக்கத்தில் பேராலயத்தின் முகப்பு இன்றுவரை பளிங்கு போர்த்தப்படாமல் வெறும் செங்கல்லாகவே நிற்கிறது. மதிலுக்கு வெளியே, 1518இல் கட்டத் தொடங்கிய சான் பியாஜோ ஆலயம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று எட்டுப் பேட்டைக்காரர்கள் 80 கிலோ பீப்பாய்களை ஊரின் செங்குத்துத் தெருவில் மேல்நோக்கி உருட்டிப் போட்டி போடுவார்கள்.

மொன்டல்ச்சீனோ சிறியது, அரை நாளில் சுற்றி முடிந்துவிடும். ஆனால் 1555இல் சியேனா வீழ்ந்த பிறகு அந்தக் குடியரசின் எச்சம் 1559 வரை தாக்குப்பிடித்தது இங்கேதான். 1361இல் எழுப்பிய கோட்டைக்குள்ளேயே இன்று ஒயின் சுவைக்கலாம். தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், ஒலிவ மரங்களுக்கு நடுவே நிற்கும் சான்தான்திமோ மடாலயத்துக்கு ஈடாக மொன்டெபுல்ச்சானோவின் சுற்றுப்புறத்தில் நான் எதையும் சொல்ல மாட்டேன்.

ஆகவே, முதல்முறை போகிறவர்களும் கார் ஓட்டாதவர்களும் மொன்டெபுல்ச்சானோவில் தங்கி, ஒரே ஒரு நாள் ஓட்டுநரோடு வண்டி அமர்த்தி, வழியில் பியென்சா என்ற சிற்றூரையும் பார்த்துக்கொண்டு மொன்டல்ச்சீனோ போய் வரலாம். புருனெல்லோவுக்காகவே விமானம் ஏறுகிறவர் மட்டும் இதை மாற்றிக்கொள்ளட்டும். சொந்தமாக ஓட்டுகிறவர்கள் மதிலுக்கு வெளியேயே நிறுத்துவது நல்லது. மதிலுக்குள் அனுமதியின்றி நுழையும் வண்டியைப் படம்பிடிக்கும் கேமராவின் அபராதச் சீட்டு மாதங்கள் கழித்தும் வீடு தேடி வரும். ரயிலில் வருபவர்கள் கியூசி நிலையத்தில் இறங்கி மொன்டெபுல்ச்சானோவுக்குப் பேருந்து பிடிக்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு என்பதால், சனிக்கிழமைக்குள் மலையேறிவிடுவது உத்தமம்.