1,86,000 ரூபாய் போச்சு: "விதை காணிக்கை" கேக்குறவங்ககிட்ட ஜாக்கிரதை

இன்னைக்குக் காலையில அந்த ஊழியத்தோட நம்பர் என்னை பிளாக் பண்ணிடுச்சு. இனி பேச வழியில்ல, அதான் இங்க எழுதுறேன். பேர் போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு அவங்களே முன்கூட்டி மிரட்டிட்டாங்க. யூடியூப்ல தினமும் ராத்திரி நேரலை ஜெபம், கீழே வாட்ஸ்அப் நம்பரும் க்யூஆர் கோடும் ஓடிக்கிட்டே இருக்கும், நடுவுல வெள்ளை கோட் போட்ட ஒரு "தீர்க்கதரிசி". அந்த மாதிரி ஒண்ணு. பணத்தை விதையாப் போட்டா ஆசீர்வாதம் விளையும்னு சொல்லி வாங்குறதுதான் "விதை காணிக்கை". எங்க வீட்டுல இருந்து அங்க போனது 1,86,000 ரூபாய்.

எங்க அம்மாவுக்கு சர்க்கரையில கிட்னி போயி, வாரம் மூணு தடவை டயாலிசிஸ். பாளையங்கோட்டைப் பக்கம், தலைமுறை தலைமுறையா சர்ச்சுக்குப் போற குடும்பம். அசனத்துக்கு, அதான் சர்ச் விருந்துக்கு, அரிசி மூட்டை குடுக்குற அம்மா. அவங்களை வேதம் தெரியாதவங்கன்னு யாரும் கமெண்ட்ல எழுதாதீங்க, உங்களையும் என்னையும் விட அதிகமாத் தெரியும்.

அந்த ராத்திரி நானும் வீட்டுல இருந்தேன். பாட்டு முடிஞ்சு, அந்த மனுஷன் கண்ணை மூடி நின்னுட்டு, அம்மா பேரைச் சொன்னாரு. திருநெல்வேலின்னாரு. "தாயே, உங்க இடது கையில முழங்கைக்குக் கீழே ஒரு அதிர்வு ஓடிக்கிட்டே இருக்கு, ஆண்டவர் அந்தக் கையைத் தொடுறார்"னு சொன்னாரு. டயாலிசிஸ்காரங்களுக்குத் தெரியும், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த கையில ரத்தக்குழாய்களை இணைச்சு வைக்கிறது) போட்ட இடத்துல விரலை வச்சா உள்ளுக்குள்ள கிர்ருனு ஓடும். அம்மா நாற்காலியை விட்டு இறங்கி முழங்கால் போட்டுட்டாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு "என் பேரைச் சொல்லிட்டாருடா"ன்னு அழுறாங்க. நோய் வந்ததுல இருந்து அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்துல நான் பார்த்ததே இல்ல. எனக்கும் உடம்பு சிலிர்த்துச்சு. அந்தச் சந்தோஷத்தைத்தான் அவனுங்க வித்தானுங்க.

போன் உடனே வந்துச்சு. ஒரு சிஸ்டர், தேன் மாதிரிக் குரல். முதல்ல நன்றிக் காணிக்கை 11,000. அப்புறம் சங்கிலி உபவாச ஜெபத்துக்கு 25,000. அதுக்கப்புறம் "நாகமான் விதை"ன்னு ஒண்ணு. பைபிள்ல நாகமான்னு ஒரு படைத்தலைவன் குஷ்டம் தீர ஏழு தரம் யோர்தான் ஆத்துல முழுகினான்ல, அந்த மாதிரி முழுசா விதைக்கணுமாம். 1,50,000. "மூணு மாசத்துல மெஷின் நிக்கும்மா, நிக்கலேன்னா விதையைத் திருப்பித் தர்றோம்"னு சொன்னது அம்மா காதுல மட்டுமில்ல, ஸ்பீக்கர்ல அக்கா காதுலயும் விழுந்திருக்கு. அம்மா கழுத்துச் செயின் அடகுக்குப் போச்சு, சீட்டுப் பணமும் போச்சு.

கொடுமையைப் பாருங்க. நாகமான் குடுத்த காணிக்கையை எலிசா தீர்க்கதரிசி வாங்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணி அனுப்பினாரு. பின்னாடியே ஓடிப் போயி பொய் சொல்லி வெள்ளியும் மாற்று வஸ்திரமும் வாங்கினது எலிசாவோட வேலைக்காரன் கேயாசி. நாகமானோட குஷ்டம் அவனைப் பிடிச்சுது. பைபிள்ல இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் அஞ்சாம் அதிகாரம், சண்டே கிளாஸ் பிள்ளைக்குத் தெரிஞ்ச கதை. அந்தக் கதையை வச்சே வசூல்!

இதோட நிக்கல. "மெஷினை நம்புறது அவிசுவாசம், கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க"ன்னு அந்த சிஸ்டர் ஓதியிருக்கு. அம்மா எங்ககிட்ட சொல்லாமலே டயாலிசிஸுக்குப் போறதை நிறுத்திட்டாங்க. நுரையீரல்ல நீர் கோத்து, பொட்டாசியம் ஏறி, மூச்சு விட முடியாம ஐசியூவுல சேர்த்தோம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இதயமே நின்னிருக்கும்னு டாக்டர் திட்டினாரு. இப்ப பரவாயில்ல.

ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் அக்கா சொன்னா. அந்த நேரலைக்கு முந்தின வாரம் அவதான் அந்த ஜெப நம்பருக்குப் பேசியிருக்கா. பேரு, ஊரு, நோய், எந்தக் கையில ஃபிஸ்டுலா, பிள்ளைங்க எங்க வேலை பார்க்குறாங்க, சொந்த வீடா வாடகையான்னு எல்லாம் "ஜெபக் குறிப்பு"க்குன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்களாம். அக்கா சொன்னதுதான் அம்மாவுக்குத் தீர்க்கதரிசனமாத் திரும்பி வந்திருக்கு.

இது பழைய வித்தை. அமெரிக்காவுல பீட்டர் போப்பாஃப்னு ஒரு டிவி ஊழியர், கூட்டத்துல முன்னப்பின்ன தெரியாதவங்க பேரு, விலாசம், வியாதி எல்லாம் சொல்லுவாரு. ஜேம்ஸ் ராண்டின்னு ஒரு மேஜிக்காரர் ரேடியோ ஸ்கேனர் ஆளோட போயி, 39.17 மெகாஹெர்ட்ஸ்ல போப்பாஃப் பொண்டாட்டி அவர் காதுல இருந்த கருவிக்குப் படிச்சுச் சொல்றதைப் பதிவு பண்ணி, 1986ல டிவியில போட்டுக் காட்டினாரு. அந்த அம்மா படிச்சதெல்லாம் ஜனங்க எழுதிக் குடுத்த ஜெபக் கார்டு. 1987ல அந்த ஆள் திவால். ஆனா கொஞ்ச வருஷத்துல திரும்ப டிவிக்கு வந்து "அற்புதத் தண்ணி" அனுப்ப ஆரம்பிச்சாரு! வெட்கமே கிடையாது இவங்களுக்கு.

பணத்தைக் கேட்டேன். "ஐயா உபவாசத்துல இருக்காங்க." திரும்பக் கேட்டேன். "விதைச்சதைத் தோண்டிப் பார்க்கக்கூடாது பிரதர்." அப்புறம் அம்மாவோட அவிசுவாசம்தான் காரணம்னாங்க. ஐசியூவுல கிடந்தவங்களைப் பார்த்து! ரசீது கேட்டா "பரலோகக் கணக்குல ஏறிடுச்சு". நேர்ல போனா கேட்லயே ஒரு பையன் வாக்குத்தத்த காலண்டர் ஒண்ணைக் கையில திணிச்சு அனுப்புறான். கடைசியா "நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே"ன்னு ஒரு வசனம், அதோட பிளாக். அது நாடோடியா அலைஞ்ச ஆபிரகாம் வீட்டாரை ராஜாக்கள்கிட்ட இருந்து காப்பாத்தச் சொன்ன வசனம்டா, உன் பேங்க் அக்கவுண்டைக் காப்பாத்த இல்ல.

ஸ்டேஷன்ல, "மனசாரக் குடுத்த காணிக்கை சார், இதுல எங்க ஏமாத்து?"ன்னாங்க. எங்க சபை ஐயர்கிட்ட (எங்க ஊர்ல போதகரை அப்படித்தான் சொல்லுவோம்) போனா, வெளிய சொன்னா கிறிஸ்தவங்களுக்குத்தான் கெட்ட பேராம். 1,86,000 ரூபாயும் ஐசியூ பில்லும் நல்ல பேரா ஐயரே?

கள்ளப் போதகரைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன். அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும், நேரமில்ல. சுருக்கமாச் சொல்றேன்.

க்யூஆர் ஸ்கேன் பண்ணதும் வர்ற பேரைப் பாருங்க. டிரஸ்ட் பேரு வராம தனி ஆள் பேரு வந்தா நிறுத்துங்க, எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு. ரசீது கேளுங்க. சுகத்துக்கு ரேட் சொன்னா போனை வைங்க, "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்"னு எழுதியிருக்கு. ஜெப விண்ணப்பத்துல வீட்டு விவரம், வருமானம் எதையும் சொல்லாதீங்க. மருந்தை, டயாலிசிஸை நிறுத்தச் சொல்றவன் யாரா இருந்தாலும் கிட்ட விடாதீங்க. பணம் போனா அன்னைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க, எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது.

யூபிஐ ஸ்கிரீன்ஷாட், அடகு ரசீது, அந்த சிஸ்டரோட வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமா இருக்கு. இதே "நாகமான் விதை"க்குக் குடுத்தவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க. சேர்ந்து எஸ்.பி. ஆபீஸ்ல மனு குடுப்போம்.