பயிலரங்கா, கூடவே இருக்கும் பயிற்றுநரா?

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்குப் பயிற்சி என்றதும், ஒருநாள் பயிலரங்கைத்தான் பலரும் முதலில் யோசிக்கிறார்கள். செலவு குறைவு, ஐம்பது பேரை ஒரே நாளில் உட்கார வைக்கலாம். சில விஷயங்களுக்கு அது போதும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்கச் செய்வது, மூச்சு நின்றுபோன குழந்தைக்கு 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சு ஊதுவது போன்றவற்றை பொம்மையை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

ஆனால் டயபர் மாற்றும்போது குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவதை எந்த மேடையிலிருந்து கற்றுத்தர முடியும்? குழந்தை ‘ஆ’ என்கிறது. நாம் பதில் சொல்லிவிட்டு அதன் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கடினம். அறையின் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கும் பயிற்றுநர், அப்புறம் அங்கே எடுத்த இரண்டு நிமிட வீடியோவைப் போட்டு, “இங்கே அவள் உங்களைப் பார்த்தாள், கவனித்தீர்களா?” என்று கேட்டால் அது மனதில் நிற்கும். பயிலரங்கில் கேட்டது வகுப்பறைக்குள் போய்ச் சேர இப்படித் தொடர்ந்து கூட இருப்பவர் தேவை என்று ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதினார்கள்.

சரி, இதில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. பயிற்றுநரே மேலதிகாரியாகவும் இருந்தால் எல்லோரும் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பேசி அலச நேரம் வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பார்க்க மாற்று ஆளும் வேண்டும். என்னைக் கேட்டால், பயிலரங்குகளில் ஒன்றைக் குறைத்து அந்தப் பணத்தை மாற்று ஆளுக்குக் கொடுப்பேன்.