காலுக்குக் காற்றழுத்த மிஷின்: மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன், உறையை விட மாட்டேன்

திருச்சியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தோழி, "அக்கா, காலுக்குப் போடுற அந்தக் காத்து மிஷின் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். காலில் மாட்டும் உறைக்குள் காற்றை அடைத்து, காலை அமுக்கி வீக்கத்தை வடிக்கிற மிஷின் அது. அவள் கேட்ட நேரம், என் மிஷினின் இடது கால் உறை மறுபடியும் காற்று விட ஆரம்பித்திருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நின்றே பாடம் நடத்தும் எனக்கு இரண்டு காலிலும் வெரிகோஸ் வெயின், அதாவது சிரைகள் புடைத்துச் சுருண்டு கிடக்கும். சாயங்காலம் கொலுசு சதையில் பதிந்து கிடக்கும். அரைமணி நேரம் மிஷினை ஓட்டிவிட்டு உறையைக் கழற்றினால் அதே கொலுசு தாராளமாகச் சுழலும். ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும் குறைந்திருக்கிறது. மோட்டார் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை.

ஆனால் உறை! பாதம், கணுக்கால், கெண்டைக்கால், தொடை என்று நான்கு அறைகளும் கீழிருந்து மேலாக வரிசையாக நிரம்ப வேண்டும். நடக்கும்போது கெண்டைச் சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறதே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. வரிசை கெட்டால் பயனும் போச்சு. என் உறையில் கணுக்கால் அறைக்குக் குழாய் சேரும் ஒட்டு விட்டுப்போகிறது. 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும், அந்த அறை தொளதொளவென்று கிடக்கும், மேலே உள்ளவை மட்டும் இறுக்கும். சைக்கிள் கடைக்காரர் சொல்யூஷன் போட்டு ஒட்டிக் கொடுத்தார். சமமான இடம் என்றால் நின்றிருக்கும். அது வளைகிற இடம், நிற்கவில்லை. கம்பெனியில் கேட்டால் உறையைப் பழுது பார்ப்பதில்லையாம், ஜோடியாகத்தான் தருவார்களாம். வலது கால் உறை புதுசு மாதிரி இருக்கும்போது எதற்கு ஜோடி? அதன் விலையோ மிஷின் விலையில் பாதியைத் தொடுகிறது. நோயாளிகளிடம் இப்படிக் காசு பார்ப்பது அநியாயம்.

சரி, கோபத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் ஒன்று உண்டு. மிஷின் வீக்கத்தை வடிக்குமே தவிர, ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிரை வால்வுகள் பழுதானால் அவற்றைச் சரிசெய்யாது. மறுநாள் நின்றால் மறுபடி வீங்கும். பகல் முழுக்கக் காப்பாற்றுவது காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ்தான். என்னுடையது கிளாஸ் 2, கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம், மேலே போகப் போக இறுக்கம் குறையும். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன், கட்டிலை விட்டு இறங்காமலே போட்டுக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் அரிக்கும், எரிச்சலாக வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுசு வாங்கவும் வேண்டியிருக்கும். இருந்தாலும் அதில் குழாயும் இல்லை, ஒட்டும் இல்லை.

எதை வாங்குவதானாலும் டாக்டரிடம் காட்டி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டு வாங்கு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அப்போது மிஷின் பக்கமே போகக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தமனி அடைப்பு இருப்பவர்களும், இதயம் பலவீனமானவர்களும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் அது 2018லேயே வந்துவிட்டது. உன் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால், ஆள் இல்லாத நேரத்தில் உட்கார விடுகிறார்களா? முதலில் அதைக் கேள். உன் கால் வீங்குவது அங்கேதான்.

ஆக, மிஷின் வாங்காதே. அந்தப் பணத்தில் ஸ்கேன் எடு, நல்ல ஸ்டாக்கிங்ஸ் இரண்டு ஜோடி வாங்கு. நான் புது உறைக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். சாயங்காலம் அந்த அரைமணி நேரத்தை விட எனக்கு மனசில்லை.